கேட்டவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது: பிஐ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டா டீமில் வேலை என்று தெரிந்துவிட்டால் போதும். மீட்டிங் முடிந்து எழுந்திருக்கும்போது யாராவது ஒருவர் "ஒரு சின்ன டவுட்" என்று ஆரம்பிப்பார். விற்பனை, கணக்கு, ஸ்டோர்ஸ், எச்.ஆர். என்று ஆள்தான் மாறுவாரே தவிர டவுட் மாறுவதில்லை. நாங்கள் பிஐ (பிசினஸ் இன்டெலிஜென்ஸ்) வேலையை 'அஜைல்' முறையில், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு சின்னத் துண்டாகச் செய்து காட்டி, பயனரே முன்னின்று நடத்தும்படி செய்கிறோம். டவுட்டெல்லாம் அதைப் பற்றித்தான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலையும் சேர்த்துவைத்தேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

பிஐ, பிஐ-ங்கறாங்களே, ரிப்போர்ட்டுக்கு வச்ச புதுப் பேருதானே அது?

பெயர் அப்படியொன்றும் புதிதில்லை. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-லேயே 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' முறை ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். அவர் யோசித்தது ஆவணங்களைப் பற்றி. நிறுவனத்துக்குள் வந்து குவியும் தாள்களில் எது யாருக்குத் தேவையோ அதை மெஷினே பிரித்து அவரிடம் சேர்க்க வேண்டும் என்றார். இன்று நாம் புழங்கும் பொருளில் அந்தப் பெயரைப் பரப்பியவர் தொழில்நுட்பச் சந்தை ஆய்வாளர் ஹோவர்டு டிரெஸ்னர், 1989-ல்.

ரிப்போர்ட் அதில் கடைசித் துண்டு மட்டும்தான். நாலைந்து சிஸ்டங்களில் சிதறிக் கிடப்பதைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருத்தி, முடிவெடுக்க வேண்டியவர் கண்முன் நேரத்துக்குக் கொண்டுபோய் வைப்பதுவரை எல்லாம் சேர்ந்ததுதான் பிஐ. யார் முடிவெடுக்கப்போகிறார் என்று தெரியாமல் போட்ட ரிப்போர்ட்டை நான் இதில் சேர்ப்பதில்லை.

இதுல 'அஜைல்' எங்கேருந்து வந்தது? அது சாஃப்ட்வேர்காரங்க சமாச்சாரம் இல்லையா?

அங்கிருந்து வந்ததுதான். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்குத் தலத்தில் 17 பேர் கூடிப் பேசி ஒரு அறிக்கை எழுதினார்கள். ஓடுகிற மென்பொருளைச் சீக்கிரம் கையில் கொடு, வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய், திட்டத்தைப் பிடித்துத் தொங்காமல் மாற்றத்துக்கு வழி விடு என்பது அதன் சாரம்.

என்னைக் கேட்டால் இது மென்பொருளைவிட ரிப்போர்ட் வேலைக்குத்தான் அதிகம் பொருந்தும். பழைய முறையில் தேவைகளை எழுதி, கையெழுத்து வாங்கி, ஒன்பது மாதம் கழித்து ரிப்போர்ட் வரும். கேட்டவர் அதைப் பார்த்த முதல் நிமிடத்தில், "நல்லாருக்கு, இதையே கஸ்டமர் வாரியா பிரிச்சுக் காட்டுங்களேன்" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. முதல் பதிலைப் பார்த்த பிறகுதான் இரண்டாவது கேள்வி பிறக்கும். அந்த இரண்டாவது கேள்விக்கு இன்னொரு ஒன்பது மாதமா?

ரெண்டு வாரத்துல என்னதான் செஞ்சு குடுத்துட முடியும்?

பெரிதாக ஒன்றும் முடியாது. ஒரு கேள்வி, அதற்கு வேண்டிய டேட்டா, ஒரு திரை. ஆனால் அந்த ஒன்று ஆரம்பம் முதல் கடைசிவரை முழுதாக ஓட வேண்டும். 'முதல் ரெண்டு வாரம் டேட்டா எடுப்போம், அடுத்த ரெண்டு வாரம் பொருத்துவோம், அதற்கப்புறம் திரை' என்று பிரித்தால் அது பழைய முறையேதான், ஸ்பிரிண்ட் (இந்த இரண்டு வாரத் தவணைக்கு அஜைல்காரர்கள் வைத்த பெயர்) என்று பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

எங்களிடம் 'டெலிவரி டேஷ்போர்டு வேண்டும்' என்று ஒரு கோரிக்கை வந்தது. டேஷ்போர்டு என்றால் முக்கிய எண்களை ஒரே இடத்தில் காட்டும் திரை. அதில் 14 அளவீடுகள். நேராக டெஸ்பாட்ச் சூப்பர்வைசரிடம் போய், காலையில் வந்ததும் முதலில் எதைத் தேடுவீர்கள் என்று கேட்டோம். "நேத்து போயிருக்க வேண்டியதுல எது போகல, ஏன் போகல. அது தெரிஞ்சா போதும் சார்" என்றார். பதினான்கையும் ஓரமாக வைத்துவிட்டு அதை மட்டும் எடுத்தோம். கலர்கூடப் போடாத, ஐந்து பத்தி (நெடுவரிசை) உள்ள ஒரு டேபிள். எட்டாவது நாள் அவர் முன்னால் திறந்தோம். ஒரு வரியில் விரலை வைத்து, "இது லேட்டே இல்லையே. கஸ்டமர்தான் தேதியத் தள்ளச் சொன்னாரு. நீங்க எடுத்திருக்கிறது முதல்ல குடுத்த தேதியா, மாத்தின தேதியா?" என்றார். சிஸ்டத்தில் இரண்டு தேதிகளும் தனித்தனியாக இருப்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எந்தத் தேவை ஆவணத்திலும் அந்த வரி இருந்திருக்காது. அவர் பார்த்தார், அதனால் வந்தது.

பயனரே முன்னின்று நடத்தணும்னா, நாங்களே எல்லாத்தையும் செஞ்சுக்கணுமா? அப்ப ஐடி டீம் எதுக்கு?

இந்தக் குழப்பத்துக்கு டூல் விற்பவர்கள்தான் காரணம். 'செல்ஃப் சர்வீஸ்' என்று சொல்லி லைசென்ஸ் விற்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) கற்றுக்கொண்டு நான்கு சிஸ்டங்களை இணைப்பார் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

எங்களிடம் ஓடுகிற ஏற்பாடு இது. டேட்டாவைக் கொண்டுவருவது, பொருத்துவது, தினமும் வந்துசேர்கிறதா என்று பார்ப்பது, யார் எதைப் பார்க்கலாம் என்று பூட்டுவது எல்லாம் டேட்டா டீமின் வேலை. எந்தக் கேள்வி முதலில், ஒரு சொல்லுக்கு என்ன பொருள், வந்த எண் சரியா என்று தீர்ப்புச் சொல்வது பயனரின் வேலை. நடுவில் ஒரு பகுதி இருக்கிறது: தயாரான டேட்டாவை வைத்து ஃபில்டர் போடுவது, பிரித்துப் பார்ப்பது, சொந்தமாக ஒரு சார்ட் இழுப்பது. அதை விருப்பமுள்ள பயனர் செய்துகொள்ளலாம், பழகினால் ஒரு வாரத்தில் வந்துவிடும். எல்லாப் பிரிவிலும் எக்செல்லில் கை தேர்ந்த ஒருவர் இருப்பார், மற்றவர்கள் அவரிடம்தான் போய் நிற்பார்கள். அவரைப் பிடியுங்கள். பத்து பயிற்சி வகுப்புக்கு அவர் ஒருவர் சமம்.

எக்செல்லே போதாதா? இத்தனை வருஷம் ஓடலையா?

எக்செல்லைத் திட்டும் டேட்டா ஆட்களை நான் நம்புவதில்லை. என்னைப் பொறுத்தவரை பயனரே முன்னின்று நடத்தும் பிஐ என்றால் அதுதான். ஒரு கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. யாராவது ரிப்போர்ட் கேட்டால், "இதுவரைக்கும் எந்த ஷீட்ல பார்த்துக்கிட்டிருந்தீங்க? அதைக் காட்டுங்க" என்றுதான் ஆரம்பிப்பேன். அந்த ஷீட்டைவிட நேர்மையான தேவைப் பட்டியல் கிடைக்காது.

ஆனால் வரைந்து பார்க்கிற தாள் வேறு, பலபேர் நாள்தோறும் நம்பி நிற்கிற இடம் வேறு. பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வகையில் 65,536 வரிக்குமேல் நிற்காது. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பரிசோதனை முடிவுகளை அந்த வகைக் கோப்பில் ஏற்றியபோது, இடம் தீர்ந்துபோய், 15,841 கோவிட் நோயாளிகள் கணக்கில் வராமல் விடுபட்டார்கள். 2007-லிருந்து வந்த புது வகையில் 10,48,576 வரி கொள்ளும் என்பதால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். எக்செல்லுக்கு எதையும் தேதியாகப் பார்க்கும் பழக்கம் உண்டு. மார்ச், செப்டம்பர் மாதிரி ஒலிக்கும் மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததில், கடைசியில் 2020-ல் விஞ்ஞானிகள் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். உங்கள் பொருள் எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் காணாமல் போவதும் இதே வகைக் கோளாறுதான்.

சரி, எந்த டூல் வாங்கலாம்?

இதை எல்லாரும் முதல் கேள்வியாகக் கேட்பார்கள். நான் கடைசிக் கேள்வியாக வைப்பேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து 2003-ல் கிளம்பிய டேப்லோ, 2015-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பவர் பிஐ, சுவீடனில் பிறந்த கிளிக், இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் வகையில் சூப்பர்செட், மெட்டாபேஸ் என்று நல்லவை நிறைய. உங்கள் ஆட்களுக்கு எது ஏற்கெனவே கை பழகியிருக்கிறதோ, ஏற்கெனவே வாங்கிய லைசென்ஸில் எது அடங்குகிறதோ அதை எடுங்கள். டூல் சரியில்லாததால் முறிந்த வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை. சொற்களுக்குப் பொருள் பேசாமல் முறிந்தவைதான் அதிகம். அது கீழே வருகிறது.

எங்களுக்கு என்ன வேணும்னு எங்களுக்கே தெளிவா தெரியல. தேவைப் பட்டியல் எப்படிக் குடுக்கிறது?

கொடுக்க வேண்டாம். "என்ன வேணும்?" என்று கேட்டால் எல்லாரும் 'எல்லாம்' என்றுதான் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. "இந்த எண் நாளைக்குக் காலைல பாதியா குறைஞ்சிருந்தா, நீங்க முதல்ல யாருக்குப் போன் பண்ணுவீங்க?" ஒரு பெயர் சட்டென்று வந்தால் அந்த எண் பட்டியலில் மேலே போகும். "போன்லாம் எதுக்கு, சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றால் கீழே போகும். இந்த ஒரு கேள்விக்கே நாற்பது அளவீடு ஆறாகச் சுருங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் திரையை வரைந்து காட்டுங்கள். பிறகு உடனே உண்மை டேட்டாவுக்குப் போய்விடுங்கள். கற்பனை எண்களைப் போட்டு அழகான மாதிரி காட்டினால் பயனர் கலரைப் பற்றித்தான் பேசுவார். அவருக்குத் தெரிந்த கஸ்டமர் பெயரும், அவர் நேற்று கையெழுத்திட்ட தொகையும் திரையில் தெரிந்தால்தான் முன்னால் நகர்ந்து உட்காருவார்.

'விற்பனை'ன்னு ஒரே எண்தான், மூணு டீம்ல மூணு விதமா வருது. யாரு சரி?

பெரும்பாலும் மூவரும் சரி. அதுதான் சிக்கல். விற்பனைப் பிரிவு ஆர்டர் பதிவான நாளைப் பார்க்கும். கணக்குப் பிரிவு இன்வாய்ஸ் போட்ட நாளைப் பார்க்கும். கலெக்‌ஷன் பார்ப்பவருக்குப் பணம் வந்தால்தான் விற்பனை. மாதக் கடைசியில் ஆர்டர் ஆகி, அடுத்த மாதம் இன்வாய்ஸ் ஆகி, அதற்கடுத்த மாதம் பணம் வந்த ஒரே ஒரு சரக்கு மூன்று பேரின் ரிப்போர்ட்டில் மூன்று மாதங்களில் உட்கார்ந்திருக்கும்.

அதற்குள்ளும் உள்வித்தியாசங்கள் உண்டு. வரி சேர்த்தா, நீக்கியா? திரும்பி வந்த சரக்கை, விற்ற மாதத்தில் கழிக்கிறோமா, திரும்பிய மாதத்தில் கழிக்கிறோமா? தள்ளுபடியை எங்கே பிடிக்கிறோம்? நம் கம்பெனிக்கே உள்ள இன்னொரு கிளைக்கு அனுப்பியது விற்பனையா? ஒரு முறை மாதக் கணக்கில் சிறு வித்தியாசம் தீரவே இல்லை. மூன்று நாள் தேடினோம். ஒரு சிஸ்டம் உள்ளூர் நேரத்தையும் இன்னொன்று யூடிசி எனும் உலகப் பொது நேரத்தையும் எழுதிக்கொண்டிருந்தது. மாதக் கடைசி நாளின் நள்ளிரவை ஒட்டி வந்த ஆர்டர்கள் ஒன்றில் இந்த மாதத்திலும் மற்றதில் வேறு மாதத்திலும் விழுந்திருந்தன.

தீர்வு, 'ஒரே உண்மை' என்று ஒன்றைத் திணிப்பதல்ல. மூன்றுக்கும் மூன்று பெயர் வையுங்கள்: ஆர்டர் மதிப்பு, இன்வாய்ஸ் மதிப்பு, வசூல். வெறும் 'விற்பனை' என்ற சொல்லை டேஷ்போர்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வரியில் பொருள், அதை மாற்ற அதிகாரமுள்ள ஒருவரின் பெயர். அவர் டேட்டா டீமில் இருக்கக் கூடாது, அந்தத் தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும். அந்தக் கணக்கு ஒரே இடத்தில் எழுதப்பட்டு எல்லாத் திரைகளும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் செமாண்டிக் லேயர் என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், எல்லாரும் ஒத்துக்கொண்ட அகராதியை டூலுக்குள் எழுதிவைப்பதுதான் அது.

முதல்ல டேட்டா வேர்ஹவுஸை முழுசா கட்டி முடிச்சாத்தானே டேஷ்போர்டு போட முடியும்?

இது பழைய வழக்கு. பல சிஸ்டங்களின் டேட்டாவைச் சேர்த்துவைக்கும் கிடங்குதான் டேட்டா வேர்ஹவுஸ். அந்தத் துறையின் முன்னோடிகளில் பில் இன்மன் ஒரு பக்கம், ரால்ஃப் கிம்பால் ஒரு பக்கம். நிறுவனம் முழுமைக்கும் பொதுவான கிடங்கை ஒழுங்காக அமைத்து அதிலிருந்து பிரிவுகளுக்குக் கொடு என்பது இன்மன் வழி. ஒவ்வொரு தொழில் நடைமுறையாக எடுத்துக் கட்டிக்கொண்டே வா, ஆனால் கஸ்டமர், பொருள், தேதி போன்ற பொதுவானவற்றை எல்லாரும் ஒரே மாதிரி பயன்படுத்து என்பது கிம்பால் வழி. இரண்டுக்கும் நியாயம் உண்டு. மேலே சொன்ன இரண்டு வார வேலைக்கு இரண்டாவது வழிதான் ஒத்துவரும்.

ஆனால் அந்த 'ஆனால்' முக்கியம். டெலிவரிக்கு ஒரு கஸ்டமர் பட்டியல், வசூலுக்கு ஒரு கஸ்டமர் பட்டியல் என்று தனித்தனியாகக் கட்டிவிட்டு, ஆறாவது மாதம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டால் ஒட்டாது. சின்னதாக ஆரம்பிக்கலாம், தனித்தீவாக ஆரம்பிக்கக் கூடாது.

எங்க டேட்டாவே குப்பையா இருக்கு. அதைச் சுத்தம் பண்ணிட்டு அப்புறமா இதையெல்லாம் பார்க்கலாமே?

சுத்தம் பண்ணிவிட்டு வந்தவர் யாரும் இதுவரை இல்லை. யாரும் பார்க்காத டேட்டா சுத்தமாகாது. காட்டினால்தான் கோபம் வரும், கோபம் வந்தால்தான் திருத்துவார்கள். எங்கள் டெலிவரி டேபிளில் 'தாமதக் காரணம்' என்ற பத்தியில் முக்கால்வாசி 'இதர' என்றே இருந்தது. சூப்பர்வைசருக்கு வெட்கமாகிவிட்டது. உண்மைக் காரணங்களை அவர் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார், ஏனென்றால் சிஸ்டத்தின் பட்டியலில் 'வண்டி வரவில்லை' என்ற தேர்வே கிடையாது. பட்டியலில் அதைச் சேர்த்தோம், 'இதர' குறைந்தது. குப்பையை எங்கள் பக்கம் கோட் எழுதி மறைத்திருந்தால் அந்த நோட்டு எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

எல்லாருக்கும் திறந்துவிட்டா சம்பள விவரமெல்லாம் வெளிய போயிடாதா?

திறந்துவிடுவது என்றால் கதவையே கழற்றுவது இல்லை. ஒரே டேஷ்போர்டை ஐம்பது பேர் திறந்தாலும் அவரவர் பகுதிக்குரிய வரிகள் மட்டுமே தெரியும்படி டேட்டாவிலேயே பூட்ட முடியும். திரையில் மறைப்பது பூட்டு ஆகாது. ஃபில்டரை எடுத்தால் வெளியே வந்துவிடும்.

எல்லாரும் தவறவிடும் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 'தனிநபர் சம்பளம் காட்டவில்லை, பிரிவு சராசரிதான் காட்டுகிறோம்' என்பார்கள். அந்தப் பிரிவில் ஒரே ஒருவர் இருந்தால் சராசரிதான் அவர் சம்பளம். இருவர் இருந்தால், அதில் ஒருவருக்கு மற்றவர் சம்பளம் தெரிந்துவிடும். குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே உள்ள குழுக்களைக் காட்டவே கூடாது என்று விதி வையுங்கள். டவுன்லோடு செய்த கோப்பு மின்னஞ்சலில் போய்விட்டால் எந்தப் பூட்டும் கூட வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நானே ஒரு சார்ட் போட்டேன், மொத்தம் தப்பா வருது. டூல்ல பிரச்சினையா?

டூல் சொன்னதைச் செய்திருக்கும். பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். முதலாவது, இணைப்பில் பெருகுவது. ஓர் ஆர்டரில் 500, 300, 200 என மூன்று பொருட்கள், ஆர்டருக்கு டெலிவரிக் கட்டணம் 100. மொத்தம் 1,100. ஆர்டர் டேபிளையும் பொருள் டேபிளையும் இணைத்தால் ஆர்டருக்கு உரிய ஒரே வரிசை மூன்று வரிசையாகிவிடும், அந்த 100-ம் மூன்று முறை நிற்கும். கூட்டினால் 1,300. பார்ப்பதற்கு நம்பும்படியான எண் என்பதுதான் இதில் கெட்ட விஷயம்.

இரண்டாவது, சராசரிகளின் சராசரி. ஒரு கிடங்கு 100-ல் 90-ஐ நேரத்துக்கு அனுப்பியது, 90 சதவீதம். இன்னொன்று 10-ல் 1, அதாவது 10 சதவீதம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 50 சதவீதம். உண்மையில் 110-ல் 91 போயிருக்கிறது, ஏறக்குறைய 83 சதவீதம். மூன்றாவது, கூட்டக் கூடாததைக் கூட்டுவது. மாதம் எத்தனை கஸ்டமர் வாங்கினார்கள் என்பதை மூன்று மாதத்துக்குக் கூட்டினால் காலாண்டுக் கஸ்டமர் எண்ணிக்கை வராது. மூன்று மாதமும் வாங்கிய ஒருவர் மூன்று பேராகிவிடுவார். இவை மூன்றையும் பயனர்மேல் சுமத்தக் கூடாது என்பதற்காகத்தான் கணக்குகளை ஒரே இடத்தில் எழுதச் சொன்னேன்.

எல்லாம் ரியல் டைமா வேணும். முடியுமா?

முடியும். வேண்டுமா என்பதுதான் கேள்வி. வாரம் ஒரு முறை முடிவெடுக்கிற விஷயத்துக்கு நிமிடத்துக்கொரு எண் வந்தால், நடுவில் ஆடும் ஆட்டத்தைப் பார்த்துப் பதற்றம்தான் மிஞ்சும். டெஸ்பாட்ச் தளத்துக்குப் பதினைந்து நிமிடம் நியாயம். லாப நட்டக் கணக்குக்கு ஒரு நாள் தாராளம். எத்தனை மணிக்குப் புதுப்பிக்கப்பட்டது என்று திரையின் மூலையில் எழுதிவிடுங்கள், பாதிப் புகார் வராது.

ஸ்பிரிண்ட் நடுவுல எம்.டி. 'நாளைக்குக் காலைல வேணும்'னா என்ன பண்றது?

கொடுக்கத்தான் வேண்டும். அவரிடம் 'அடுத்த ஸ்பிரிண்டில் பார்க்கலாம் சார்' என்று சொல்லும் தைரியம் எனக்கு வந்ததில்லை. அதனால் ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தைக் காலியாக வைத்துவிடுகிறோம். இந்த அளவு எங்கள் அனுபவத்தில் வந்தது, சூத்திரம் இல்லை. அவசரக் கேள்விகளே பாதிக்குமேல் வருகிற டீம் என்றால் ஸ்பிரிண்டை விட்டுவிட்டு, கையில் இருக்கும் வேலை இத்தனைக்குமேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டும் கான்பான் முறைக்குப் போய்விடுங்கள். ஒன்று மட்டும்: ஓர் இரவில் போட்ட கணக்கின்மேல் 'ஒரு முறைக்கு மட்டும்' என்று எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே எண் எங்கே என்று கேட்பார்கள்.

போன வருஷத்து எண் இப்ப பார்த்தா வேறயா இருக்கே! யாரு மாத்தினது?

யாரும் எதையும் திருத்தாமலேயே இது நடக்கும். ஒரு பெரிய கஸ்டமர் வடக்கு மண்டலத்திலிருந்து தெற்குக்கு மாற்றப்பட்டார் என்று வையுங்கள். கஸ்டமர் பட்டியலில் 'வடக்கு' என்பதை அழித்து 'தெற்கு' என்று எழுதினால், அவர் போன வருடம் வாங்கியதும் சேர்ந்து தெற்குக்குப் போய்விடும். வடக்கு மேனேஜர் வாங்கிய போனஸுக்கு இன்று ஆதாரம் இருக்காது. இதைக் கிம்பால் 'மெதுவாக மாறும் பரிமாணம்' என்றார். கஸ்டமர், பொருள், மண்டலம் என்று எண்களைப் பிரித்துப் பார்க்க உதவும் விவரம்தான் பரிமாணம். அழித்து எழுதுவது டைப் 1. பழைய வரியை வைத்துக்கொண்டு, எந்தத் தேதிமுதல் எந்தத் தேதிவரை என்று குறித்துப் புது வரி சேர்ப்பது டைப் 2.

எது சரி என்பது கேள்வியைப் பொறுத்தது. போனஸுக்கு டைப் 2 வேண்டும். 'இன்றைய மண்டல அமைப்பில் போன வருடம் எப்படி இருந்திருக்கும்' என்று பார்க்க டைப் 1 வேண்டும். இரண்டும் தேவைப்பட்டால் இரண்டு பத்திகள், இரண்டு பெயர்கள். விற்பனைக்குச் சொன்ன அதே மருந்து.

முந்நூறு டேஷ்போர்டு இருக்கு. எதை நம்புறது?

பயனர் கையில் கொடுத்தால் பெருகும், அதற்காகக் கொடுக்காமல் இருக்க முடியாது. அகராதியின்படி அமைந்து, பொறுப்பாளர் பெயரும் இருப்பவற்றுக்கு ஒரு முத்திரை. மற்றவை அவரவர் சொந்த ஃபோல்டரில் இருக்கட்டும், மீட்டிங்கில் மட்டும் முத்திரை இல்லாததைத் திரையிட வேண்டாம். யார் எதைத் திறந்தார்கள் என்று டூலிலேயே பதிவு இருக்கும். மூன்று மாதம் யாரும் திறக்காததை நாங்கள் மறைத்துவைப்போம், அழிப்பதில்லை. கேட்டால் ஐந்து நிமிடத்தில் திரும்ப வரும். இதுவரை திரும்பக் கேட்டவர்கள் இரண்டு பேர்.

இனிமே ஏஐ-கிட்ட கேட்டாலே பதில் வந்துடுமே, இவ்வளவு பாடு எதுக்கு?

அது எஸ்கியூஎல் எழுதும், நம்மைவிட வேகமாக எழுதும். ஆனால் 'போன மாத விற்பனை எவ்வளவு' என்று கேட்டால் மூன்று விற்பனைகளில் ஒன்றை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும், தயக்கமே இல்லாமல். 1,300 என்ற அந்தத் தப்புக் கூட்டலையும் அழகான வாக்கியத்தில் சொல்லும். அகராதி எழுதிவைத்த இடத்தில் இதை இணைத்தால் நன்றாக உதவுகிறது, குறிப்பாக எக்செல் பயம் உள்ளவர்களுக்கு. எந்தப் பத்தியிலிருந்து, எந்த ஃபில்டரோடு எடுத்தது என்று பதிலோடு காட்டச் சொல்லுங்கள்.

டேஷ்போர்டு போட்டுக் குடுத்தோம், ஆனா எல்லாரும் 'எக்ஸ்போர்ட்' பட்டனைத்தான் அமுக்குறாங்க. தோத்துட்டோமா?

இல்லை, தகவல் கிடைத்திருக்கிறது. எக்செல்லில் இறக்கி அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு அக்கவுண்ட்ஸ் மேடம் தினமும் இறக்கி, பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து, 'பேசியாச்சு', 'திங்கள் தருவார்' என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் குறிப்பு எழுதும் இடம் எங்கள் திரையில் இல்லை. அதைச் சேர்த்த வாரமே இறக்குவதை நிறுத்திவிட்டார்.

எங்க ஆட்கள்ல சிலபேர் ஒத்துழைக்கவே மாட்டேங்கறாங்க. தங்களோட எண் வெளிய தெரிஞ்சா மாட்டிக்குவோம்னு பயம். என்ன செய்யலாம்?

பயப்படக் காரணம் இருந்தால் பயம் போகாது. இதில் நாங்களே தப்புச் செய்திருக்கிறோம். டெலிவரி டேபிள் நன்றாக ஓடுகிறது என்று உற்சாகத்தில், கிடங்குகளை வரிசைப்படுத்தி, கடைசியில் இருப்பதைச் சிவப்பில் காட்டி, மாத மீட்டிங்கில் திரையிட்டோம். அடுத்த மாதம் தாமதமே இல்லை. எல்லாம் பச்சை. சந்தேகப்பட்டுப் பார்த்தால், தாமதமாகப்போகிறது என்று தெரிந்ததும் வாக்களித்த தேதியைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் அன்றைக்குச் சொன்னதிலிருந்து மாற்றின தேதியைத்தானே நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம்.

வரிசைப் பட்டியலை எடுத்தோம். ஒவ்வொரு கிடங்கும் தன் எண்ணை மீட்டிங்குக்கு ஒரு வாரம் முன்னாலேயே பார்த்து, காரணத்தைத் தானே எழுதும்படி மாற்றினோம். இப்போது அந்த டேபிளில் ஆறாவது பத்தி ஒன்று இருக்கிறது: தேதி எத்தனை முறை தள்ளப்பட்டது, யார் கேட்டு. அதைக் கேட்டு வாங்கியவர் அதே டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். "கஸ்டமர் தள்ளினதுக்கும் நாங்க தள்ளினதுக்கும் வித்தியாசம் தெரியணும் சார், இல்லாட்டி ரெண்டும் எங்க தலையிலதான் விழும்" என்றார்.